சாணக்கிய நீதியும் சமணச் சான்றோரும்

அரசு நிலைபெற வேண்டுமாயின் அரசன் அறத்தைச் சற்றே ஒதுக்கி வைக்கலாமா? பாரத நாட்டில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினா இது. இதன் நடுவே நிற்பவர் கௌடிலியர் எனப்படும் சாணக்கியர்.

தஞ்சை மாவட்டப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசுக் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த ஓலைச்சுவடியின் வாயிலாகவே அர்த்த சாஸ்திரம் மீண்டும் உலகுக்குக் கிடைத்தது. அதனை ஆர். சாமா சாஸ்திரி 1909-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். வெளிப்படையாகத் தண்டிக்க இயலாத அதிகாரிகளை மறைவாக ஒழித்தல், பகைவனுக்கு நஞ்சிடுதல், கருவூலம் வறண்டபோது மக்களின் தெய்வ நம்பிக்கையைக் கருவியாக்கிப் பொருள் திரட்டுதல் ஆகியவற்றுக்கு அந்நூல் வழி கூறுகிறது. இதனோடு ஒப்பிட்டால் மாக்கியவெல்லியின் 'இளவரசன்' தீங்கற்றது என்று 1919-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் கருத்துரைத்தார். அவருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே, 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணபட்டர், தமது காதம்பரியில் இந்நூலை இரக்கமற்றது எனக் கடிந்தார்.

எனினும், குடிகளின் நலமே அரசனின் நலம் என்று கூறுவதும் அதே நூல்தான். ஆதரவற்ற சிறாரையும் முதியோரையும் நோயாளரையும் அரசன் காக்க வேண்டும் என அது விதிக்கிறது. ஆகவே வழக்கு ஒருதலையாக முடிவதில்லை.

இனி, நம் சமண நூலோர் அவரை நோக்கிய விதம் சிந்திக்கத்தக்கது. ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பரிசிஷ்டபர்வம், சாணக்கியரைச் சமண இல்லறத்தார்க்குப் பிறந்தவராகவே காட்டுகிறது. ஆயினும் அவர் செயல்களை அது மறைக்கவில்லை. நட்பரசனான பர்வதகன் நஞ்சேறி மாயும்போது, அவனைக் காக்க விழைந்த சந்திரகுப்தனைச் சாணக்கியர் புருவக் குறிப்பால் தடுத்த நிகழ்ச்சியை அந்நூல் வெளிப்படையாகவே உரைக்கிறது. மறுபுறம், சுபந்து மூட்டிய தீயிடை அசையாது நின்று உயிர் நீத்த சாணக்கியரைப் பகவதி ஆராதனை போற்றுகிறது. வினையையும் கூறி, வினை நீங்கும் வழியையும் கூறுவது நம் முன்னோர் முறை.

10-ஆம் நூற்றாண்டில் திகம்பர முனிவரான சோமதேவ சூரி நீதிவாக்கியாமிர்தம் என்னும் அரசநீதி நூலையே இயற்றினார். ஒற்றர், படை, தண்டம் ஆகியவை அதிலும் உள்ளன. நாம் போற்றும் திருக்குறளும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, துறவி வேடம் பூண்ட ஒற்றரைக் குறிப்பிடுகிறது. கொல்லாமையை உயிரெனக் கொண்டோரும் ஆட்சியின் கடுமையை அறியாதவர் அல்லர்.

அங்ஙனமாயின் எல்லைக்கோடு எது? நம் சமயம் இம்சையை நான்காக வகுக்கிறது. சமையல் முதலிய இல்லறப் பணியில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பின் பொருட்டு நேர்வது விரோதி. வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. இல்லறத்தான் முற்றாக விலக்க வேண்டியது இறுதியாகக் கூறிய சங்கல்பியே. நாட்டைத் தாக்க வரும் படையை எதிர்த்துப் போரிடும் அரசன் விரோதி இம்சைக்கு உட்படுகிறான். நம்பி வந்த நண்பன் சாவதைக் கண்டும் தன் ஆதாயம் கருதி வாளாவிருப்பவனோ சங்கல்பத்தின் பக்கம் சேர்கிறான். செயலின் கடுமையை மட்டும் நோக்காது, அதன் பின்னுள்ள எண்ணத்தையும் நோக்கும் இவ்வளவுகோல், சாணக்கியரை முற்றும் புகழவோ முற்றும் இகழவோ விடுவதில்லை.

பேரரசை எய்திய சந்திரகுப்தன், பத்திரபாகு முனிவருடன் சிரவணபெளகொளம் வந்து, முடி துறந்து, உண்ணாநோன்பால் உயிர் நீத்தான் என்பது நம் மரபு. அரசைப் பெறும் வழியை அமைச்சரிடம் கற்றவன், அதனை விடும் வழியை முனிவரிடம் கற்றான். இத்திருநாளில், ஆட்சி, வணிகம், குடும்பம் என எத்துறையில் அதிகாரம் பெற்றவராயினும், அவ்விரு கல்வியையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போமாக.