சைரந்திரி வனம்

பாலக்காட்டு மாவட்டத்து மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடி மலைச்சாலையில் ஏறினால் முக்காலி என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து வனத்துறை வண்டியில் 23 கிலோமீட்டர் சென்றால் சைலன்ட் வேலிக் காட்டின் நடுவே சைரந்திரியை அடையலாம். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த நாளில் பாஞ்சாலி பூண்ட பெயர் சைரந்திரி. கீழே ஓடும் ஆறு குந்திப்புழை. சில்வண்டின் ஒலி கேளாமையால் ஆங்கிலப் பெயர் வந்தது என்பர் சிலர். சைரந்திரி என்பதே வெள்ளையர் நாவில் திரிந்தது என்பர் வேறு சிலர். பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

1914-ல் இக்காட்டின் ஒரு பகுதியைக் காப்புக்காடாக்கியது சென்னை மாகாண அரசு. மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம் என்பதை நம்மவர் பலர் மறந்திருப்பர்.

குந்திப்புழை மலைகளுக்கிடையே ஒடுங்கிப் பாயும் இடத்தில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு 1973-ல் திட்டக்குழு இசைவு தந்தது. நீரில் மூழ்கவிருந்தது 830 ஹெக்டேர் காடு. மலபாரின் மின்பற்றாக்குறை மெய்யானது; ஆகவே அணை வேண்டும் என்றோரைப் பழித்தல் நேர்மையன்று. ஆனால் மூழ்கும் பரப்பு சிறிதே என்ற அவர்தம் வாதம் காட்டின் இயல்பை அறியாதது. இங்கு வாழும் சிங்கவால் குரங்கு மரவுச்சிகளிலேயே உண்டு உறங்கித் திரிவது, தரையிறங்குதல் அரிது. கிளையோடு கிளை தொட்டு நிற்கும் காட்டை நீர்த்தேக்கம் பிளந்துவிட்டால், எஞ்சிய காடும் அதற்குத் துண்டு நிலங்களே. 'குரங்குக்காகவா மின்சாரத்தை இழப்பது?' என்று எள்ளியோர் பலர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தாரோ எள்ளலுக்கு எள்ளலால் விடை கூறாமல், மலபாருக்கு வேறு வழிகளில் மின்சாரம் தர இயலும் என்பதைப் பொருளாதாரக் கணக்கோடு எழுதி மக்களிடையே பரப்பினர். கவிஞர் சுகதகுமாரி பாடினார். பறவையியல் அறிஞர் சாலிம் அலி காட்டுக்காகப் பேசினார். குடந்தையில் பிறந்த வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் நேரில் ஆராய்ந்து, திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தார்.

எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு ஆய்ந்தபின், 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா என்னும் அறிவிப்பு வந்தது. 1985 செப்டம்பர் 7-ஆம் நாள் ராஜீவ் காந்தி அதனைத் திறந்து வைத்தார்.

சைரந்திரியிலுள்ள காவற்கோபுரத்தில் ஏறி நிற்போர் கால் வலியை மறப்பர். சிங்கவால் குரங்கு விரும்பியுண்ணும் முட்கனிகளைத் தரும் வெடிப்பலா மரங்கள் இக்காட்டில் மிகுதி. காலை வண்டியிலேயே செல்வது நலம். பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். 2007-ல் அதனையடுத்து மேலும் 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையமாகச் சேர்க்கப்பட்டது. குந்திப்புழை அணையின்றி இறங்கிப் பாரதப்புழையோடு கலக்கச் செல்கிறது.