வைரமும் கிராஃபைட்டும்

வைரம், கிராஃபைட்டு ஆகிய இரண்டும் கரிமம் (கார்பன்) என்னும் ஒரே தனிமத்தின் வெவ்வேறு வடிவங்கள் ஆகும். வைரம் ஒளிபுகக்கூடியது, மிகவும் கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாதது. பென்சில் முனையில் பயன்படும் கிராஃபைட்டோ கருமையானது, மென்மையானது, மின்சாரத்தைக் கடத்துவது. வைரமும் கரிமமே என்பதை 1797 இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டென்னன்ட் அதனை எரித்து நிறுவினார். அணுக்கள் ஒன்றாக இருந்தும் பண்புகள் வேறுபடுவதற்கு அவற்றுக்கிடையே உள்ள வேதிப் பிணைப்பே காரணமாகும்.

வைரத்தின் பிணைப்பு

கரிம அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எதிர்மின்னிகள் உள்ளன. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் இவை நான்கையும் பயன்படுத்தி, ஒரு நான்முகியின் முனைகளில் அமைந்த நான்கு அணுக்களுடன் சகப்பிணைப்பால் இணைந்துள்ளது. பிணைப்பின் நீளம் 0.154 நானோமீட்டர். இவ்வமைப்பை 1913 இல் வில்லியம் ஹென்றி பிராக், அவர் மகன் லாரன்ஸ் பிராக் ஆகியோர் எக்சு-கதிர்களின் துணையால் கண்டறிந்தனர்.

வலிய பிணைப்புகள் எல்லாத் திசைகளிலும் தொடர்வதால் வைரம் மோவின் கடினத்தன்மை அளவுகோலில் 10 என்னும் உச்ச மதிப்பைப் பெறுகிறது. எதிர்மின்னிகள் பிணைப்புகளில் கட்டுண்டிருப்பதால் மின்சாரம் பாய்வதில்லை. அவற்றை விடுவிக்க ஏறத்தாழ 5.5 எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் தேவை. கட்புலனாகும் ஒளிக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. ஆகவே அது தூய வைரத்தால் உறிஞ்சப்படாமல் ஊடுருவிச் செல்கிறது.

கிராஃபைட்டின் பிணைப்பு

கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களுடன் மட்டுமே இணைந்து அறுகோணங்களாலான தட்டையான அடுக்குகளை உருவாக்குகிறது. நான்காவது எதிர்மின்னி அடுக்கு முழுவதும் பரவி இயங்குகிறது. கிராஃபைட்டு மின்சாரத்தைக் கடத்துவதற்கும் ஒளியை உறிஞ்சிக் கருமையாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். அடுக்கின் வழியே மின்சாரம் எளிதாகவும், அடுக்குகளுக்குக் குறுக்கே மிகக் குறைவாகவும் பாய்கிறது.

அடுக்கினுள் பிணைப்பின் நீளம் 0.142 நானோமீட்டர், இது வைரத்தின் பிணைப்பை விடக் குறுகியது, வலியது. ஆனால் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் உள்ள அடுக்குகளை வலுக்குறைந்த வாண்டர் வால்சு விசைகளே இணைக்கின்றன. எனவே தாளில் தேய்க்கும்போது அடுக்குகள் எளிதில் பிரிந்து படிகின்றன. 2004 இல் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டும் நாடாவைக் கொண்டு ஒற்றை அடுக்கைப் பிரித்தெடுத்தனர். கிராஃபீன் எனப்படும் அவ்வடுக்கு மிகவும் வலிமையானது. ஆகவே கிராஃபைட்டின் மென்மை அடுக்குகளின் வலுக்குறைவால் வருவதன்று. அவற்றுக்கிடையே உள்ள விசையின் வலுக்குறைவால் வருவதாகும்.

நிலைப்புத்தன்மை

சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கிராஃபைட்டே கூடுதல் நிலைப்புடையது. எனினும் வைரம் கிராஃபைட்டாக மாற வேண்டுமாயின் அதன் வலிய பிணைப்புகள் முதலில் முறிய வேண்டும். இதற்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுவதால் சாதாரண நிலையில் வைரம் மாறாமல் நிலைத்திருக்கிறது.