குழந்தைகள் அறிவியல் மாநாடு: போட்டி மட்டும்தானா? கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கு?

கல்வராயன் மலை என்றாலே செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் கள்ளச்சாராய ரெய்டும், ரோடு இல்லாத கிராமங்களும்தான். அந்த மலையைப் பற்றி அங்கேயே வாழும் பிள்ளைகள் ஆய்வு செய்து சொல்ல ஒரு மேடை இருக்கு. அதுதான் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு.

அது என்ன மாநாடு?

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு 1993 முதல் தேசிய அளவில் நடந்து வரும் மாநாடு இது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை ஒருங்கிணைத்து வருகிறது. மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று கட்டமாக நடக்கும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி.

யார் கலந்துக்கலாம்?

10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளும் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வழிகாட்டியின் துணையோடு சிறு குழுவாக ஆய்வு செய்ய வேண்டும்.

அறிவியல் கண்காட்சியில் இருந்து என்ன வித்தியாசம்?

கண்காட்சியில் மாடல் செய்து வைத்தால் போதும். இங்கே மாடலுக்கு வேலை இல்லை. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, விசாரித்து, தகவலைத் திரட்டி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதை அறிக்கையாக எழுதணும். தினமும் என்ன செய்தோம் என்ற குறிப்பேடும் வேண்டும்.

உதாரணத்துக்கு, கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கச்சிராயப்பாளையம் அருகே உள்ள கோமுகி அணைக்கு வருகிறது. மலையில் கனமழை பெய்து எத்தனை மணி நேரத்தில் அணையின் நீர்மட்டம் ஏறுகிறது? இது நல்ல ஆய்வுக் கேள்வி. நேரான பாட்டில் ஒன்றின் மேல்பகுதியை வெட்டி, ஸ்கேல் ஒட்டினால் மழைமானி ரெடி. வெள்ளிமலையில் ஒன்று, கரியாலூரில் ஒன்று வைத்து, மழை பெய்யும்போது மணிக்கு மணி அளக்கலாம். அணையின் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால், கரையோர மக்களை எப்போது எச்சரிக்கலாம் என்பது வரை யோசிக்க முடியும். செலவு ரொம்பக் குறைவு.

மாநாட்டில் என்னென்ன நடக்கும்?

ஆய்வை நடுவர்கள் முன் சில நிமிடங்களில் விளக்க வேண்டும். "ஏன் இந்த இடம்? எத்தனை நாள் அளந்தீங்க?" என்று கேள்வி வரும். இதைத் தவிர மற்ற நிகழ்ச்சிகளும் உண்டு:

• விஞ்ஞானிகளுடன் நேருக்கு நேர்: பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், விஞ்ஞானிகள் பதில் சொல்வார்கள்.

• செய்து பார்க்கும் பட்டறைகள்: எளிய பொருட்களைக் கொண்டு சோதனைகள், கணிதப் புதிர்கள்.

• ஆசிரியர் அமர்வு: பிள்ளைகளை எப்படி வழிநடத்துவது என்று வழிகாட்டிகள் அனுபவங்களைப் பகிர்வார்கள். மாவட்டக் கட்டத்துக்கு முன்பே அவர்களுக்குப் பயிற்சிப் பட்டறையும் நடக்கும்.

• களப்பயணமும் கலை இரவும்: ஆய்வு நிலையங்களைப் பார்ப்பது, ஒவ்வொரு மாநிலக் குழுவும் தங்கள் ஊர்ப் பாட்டும் ஆட்டமும் நிகழ்த்துவது.

பாட்டு, ஆட்டம் எல்லாம் எதுக்கு?

மேடையில் பேசும் சில நிமிடங்களில் பதற்றம்தான் அதிகம். பேச்சு முடிந்து சாப்பாட்டு வரிசையிலும் கலை இரவிலும்தான் பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர் பழகுகிறார்கள். கடலோரத்துப் பிள்ளை மீனைப் பற்றிச் சொல்லும். மலைப் பிள்ளை சாமை, கடுக்காய், தேன் பற்றிச் சொல்லும். தன் ஊர் விஷயத்தை வெளியூர்ப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கும்போது கிடைக்கும் தைரியம், பரிசு வாங்காத குழுவுக்கும் கிடைக்கும்.

கல்வராயன் மலைக்கு ஏன் முக்கியம்?

இங்கே அதிகம் வாழ்வது மலையாளி பழங்குடியினர். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், சாமையை எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவைக் கேட்டு, சோதித்து, பதிவு செய்ய அந்த மலைப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால் ஆங்கிலம் தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கு. மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து போக பஸ் கிடைக்கணும், கூட வர ஆசிரியர் வேணும், பெற்றோர் சம்மதிக்கணும். மாவட்டக் கட்டத்துக்கே வர முடியாத பிள்ளைக்கு மேலே உள்ள எந்தப் பட்டறையும் கிடைக்காது. பள்ளி நிர்வாகமும் ஊர்க்காரர்களும் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

என்ன செய்யணும்?

உங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் அந்த ஆண்டின் தலைப்பையும் தேதிகளையும் கேளுங்க. மாவட்ட அறிவியல் இயக்கத்தினரையும் அணுகலாம். தேசிய மாநாடு பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் நடப்பது வழக்கம், சில ஆண்டுகளில் தள்ளிப்போனதும் உண்டு. மழையை அளப்பது மாதிரியான ஆய்வுக்கு மாதக்கணக்கில் தகவல் தேவை. அதனால் பள்ளி திறந்ததுமே தொடங்குவது நல்லது.