பேசாத நாக்கு: முல்லைப்பாட்டின் பாசறையிலிருந்து ஒரகடம் வரை

பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு; 103 அடிதான். காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் அதில் ஒரு பாசறையைக் காட்டுகிறார். போருக்கு வந்த அரசன் இரவில் உறக்கம் வராமல் கிடக்கிறான். அவனுக்குக் கூடாரம் அமைத்துக் கொடுத்தவர்கள் யவனர்கள். உள்ளே, அவன் படுக்கைக்குப் பக்கத்தில் காவல் நிற்பவர்கள் மிலேச்சர்கள். சட்டை அணிந்த அந்த மிலேச்சர்களைப் பற்றிப் புலவர் சொல்லும் முக்கியமான செய்தி, அவர்கள் நாவால் பேசாமல் உடம்பால் பேசுகிறார்கள் என்பது. ஊமைகள் என்றே இதற்குப் பொருள் கொள்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை காவலர்களும் ஊமையாய்ப் பிறந்திருக்க வழியில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். தமிழ் தெரியாதவனுக்கு நாக்கே இல்லை என்று நம் காது முடிவு செய்துகொண்டது.

அயலாரைக் காட்டுமிராண்டி என்று வகுத்த வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லைப்புறத்திலிருந்து தொடங்குவார்கள்: சீனப் பெருஞ்சுவர், ரோமானியரின் ரைன் நதிக்கரை, மலைக்கு அப்பால் வாழும் குதிரைக்கூட்டம். நான் அரசனின் படுக்கையறையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். தூரத்தில் இருப்பவன் கதைகளில் வரும் பூதம். அவனால் அன்றாட வாழ்க்கைக்குத் தொந்தரவு இல்லை. நாம் கூலி கொடுத்து வரவழைத்து, நம் வாசலிலும் உலையிலும் நிறுத்தி வைத்திருக்கும் மனிதனுக்குத்தான் இழிபெயர் தேவைப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் வெளிமாநிலத் தொழிலாளர் மீது இன்று புழங்கும் ‘வடக்கன்’ என்ற சொல்லை இந்தப் பழைய வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கிரேக்கரின் ‘பார்பரோஸ்’ காதில் பிறந்த சொல். புரியாத பேச்சு ‘பர் பர்’ என்று கேட்டது. அப்படிப் பேசியவன் பார்பரோஸ் ஆனான். ஹோமரின் இலியத்தில் இந்தச் சொல் தனியாக வருவதில்லை. கேரியா நாட்டவரை ‘பார்பரப் பேச்சினர்’ என்று குறிக்கும் கூட்டுச்சொல்லாக ஓரிடத்தில் வருகிறது, அதில் இகழ்ச்சி அதிகம் இல்லை. ஹோமரின் காலத்தில் கிரேக்கர்களுக்கே பொதுப்பெயர் அமையவில்லை, அதனால்தான் அவர் அயலாருக்கும் பொதுப்பெயர் வைக்கவில்லை என்று துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். ‘நாம்’ உருவான பிறகே ‘அவர்கள்’ உருவானார்கள் என்பதை இத்தனை தெளிவாகக் கண்டவர் பழங்காலத்தில் அரிது. கி.மு. 490இலும் 480–479இலும் பாரசீகர்களோடு நடந்த போர்களுக்குப் பிறகு அந்தச் சொல்லில் வெறுப்பு ஏறியது.

அதே ஏதென்ஸ் நகரம் தன் தெருக்களில் ஒழுங்கு காக்க சிதிய வில்லாளிகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தது. நகரத்துக்குச் சொந்தமான அடிமைகள் அவர்கள். சபையில் கூச்சல் போடும் குடிமகனை இழுத்துப் போவது அவர்கள் வேலை. கி.மு. 411இல் அரிஸ்டோபனீஸ் அரங்கேற்றிய நாடகத்தில் அப்படி ஒரு வில்லாளி வருகிறான். அவனுடைய கொச்சைக் கிரேக்கத்துக்குத்தான் மக்கள் சிரித்தார்கள். நகரத்தைக் காப்பவனும் நகரத்தின் கேலிப்பொருளும் ஒரே ஆள்.

வடமொழி மரபிலும் கதை பேச்சிலிருந்தே தொடங்குகிறது. ‘பகைவர்களே’ என்று கூவ வேண்டிய அசுரர்கள் உச்சரிப்பைத் தவறவிட்டார்கள், அதனால் தோற்றார்கள், அதுதான் மிலேச்சமொழி என்கிறது சதபத பிராமணம். பதஞ்சலியின் மகாபாஷ்யம், இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு அதே கதையைச் சான்று காட்டுகிறது. ஒரு ‘ர’ ‘ல’ ஆனதற்கு அத்தனை பெரிய தண்டனை. ரஷ்யர்கள் ஜெர்மானியரைக் குறிக்கும் ‘நேமெத்ஸ்’ என்ற சொல்லின் வேரிலும் ஊமை என்ற பொருள்தான் இருக்கிறது.

சங்கத் தமிழர் இதில் எங்கே நிற்கிறார்கள்? இரண்டு பக்கமும் நிற்கிறார்கள் என்பதே நேர்மையான விடை. வேங்கடத்துக்கு வடக்கே இருந்த நிலத்தை அவர்கள் ‘மொழிபெயர் தேயம்’ என்றார்கள். மொழி மாறும் நாடு. அந்தப் பெயரில் பழிப்பு இல்லை. நிலத்தின் அடையாளமாக மொழியைச் சொன்னார்கள், அவ்வளவே. தொல்காப்பியம் செய்யுளில் வரத் தகுந்த சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுத்தபோது, சுற்றியிருந்த நிலங்களின் சொல்லுக்கும் வடக்கின் சொல்லுக்கும் இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது. இது சிறிய செய்தி இல்லை. ஆனால் அகநானூற்றில் அதே மொழிபெயர் தேயத்து வடுகர்கள் கல்வியற்ற நீண்ட பேச்சும் சினமிக்க நாய்களும் உடையவர்களாக வருகிறார்கள். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கைகளைப் பின்னால் கட்டித் தலையில் நெய்யூற்றித் தண்டித்ததைப் பெருமையாகச் சொல்கிறது. அவர்களுக்கு அங்கே கிடைக்கும் அடைமொழி கடுஞ்சொல் பேசுபவர்கள் என்பது. குற்றம் என்னவென்று பதிகம் சொல்லவில்லை. பேச்சின் ஓசை மட்டும் பதிவாகியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் வாளோடு காவல் நிற்பவர்களும் யவனர்கள்தான். ஏதென்ஸின் வில்லாளி, மதுரையின் வாள்வீரன், முல்லைப்பாட்டின் மிலேச்சன் ஆகிய மூவருக்கும் வேலை ஒன்றுதான். உள்ளூரில் உறவும் சாதியும் இல்லாதவன், சதி செய்ய மொழி தெரியாதவன், ஆகவே நம்பிக்கையானவன். எந்த அயன்மை அவனை வேலைக்குத் தகுதியாக்கியதோ அதையே சொல்லித்தான் அவனை இழிவும் செய்தார்கள். இந்த இரட்டைக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் ஒரகடத்துக்கு வழி கிடைக்கும்.

இதற்கு மாறான குரலும் உண்டு. தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் புகாரைப் பாடும்போது பல நாட்டிலிருந்து வந்து பல மொழி பேசியவர்கள் கலந்து இனிது வாழும் ஊர் என்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் யவனர் செய்த அன்ன விளக்கு ஒன்று உவமையாக வருகிறது. அதைச் செய்த கைகளைப் பற்றி இழிவாக ஒரு சொல்கூட இல்லை. துறைமுகத்துக்கு வந்தவன் விருந்தாளி, பாசறைக்கு வந்தவன் ஊமை.

இடைக்காலத்தை விரைவாகக் கடக்கிறேன், இரண்டு இடங்களில் மட்டும் நின்று. ஒன்று ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. 1017இல் இராமானுசர் பிறந்ததாக மரபு சொல்லும் ஊர் இது. துருக்கர் என்பது ‘துலுக்கர்’ என்று திரிந்து அயலாரின் பெயரான பிறகு, அவர் வாழ்க்கையோடு ஒரு கதை சேர்ந்தது: மேலுக்கோட்டையின் செல்வப்பிள்ளை விக்கிரகத்தை மீட்க அவர் டில்லிக்குப் போனார், சுல்தானின் மகள் பெருமாளைப் பிரிய முடியாமல் பின்னாலேயே வந்துவிட்டாள். டில்லி சுல்தானியம் 1206இல்தான் தொடங்கியது. கால வரிசை இடிக்கிறது. கதை உண்மையா என்பதைவிட அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதே எனக்கு முக்கியம். மேலுக்கோட்டையிலும் திருவரங்கத்திலும் துலுக்க நாச்சியாருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். திருவரங்கத்தில் அவளுக்கு ரொட்டி படைக்கிறார்கள். அவள் ஊர்ச் சாப்பாட்டை மாற்றச் சொல்லவில்லை.

மற்றது பறங்கிமலையின் பெயரில் இருக்கிறது. ‘பிராங்க்’ என்ற ஐரோப்பியக் குடிப்பெயர் அரபு, பாரசீக நாவுகளின் வழியே வந்து நம்மிடம் ‘பறங்கி’ ஆயிற்று. மாட்டிறைச்சி தின்று சாராயம் குடிப்பவன் என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, தான் பறங்கி இல்லை என்று நிறுவுவதற்கே காவி உடுத்து மரக்கறி உண்டு தமிழும் வடமொழியும் கற்றார். உலகை ஆளப் புறப்பட்ட ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர், தன் மேல் விழுந்த ‘காட்டான்’ பட்டத்தைத் துடைக்க வாழ்நாள் முழுக்க உழைத்தார். பட்டம் சூட்டும் உரிமை வெள்ளையருக்கு மட்டுமே இருந்ததில்லை.

அந்த உரிமையைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது ஆங்கில ஆட்சி. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சொந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அயலான் என்பது வாயில் வரும் வசவாக இருந்தது போய், காவல்நிலையத்தில் ஒரு பதிவேடாக மாறியது இங்கேதான்.

இனி நம் முறை. தமிழர்கள் உலகின் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் கூலிக்குப் போனபோது அவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது? மலாயாவில் ‘கெலிங்’. கலிங்கம் என்ற நாட்டுப்பெயரின் திரிபு அது. ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த வணிகரைக் குறித்த சொல், ரப்பர் தோட்டக் காலத்தில் வசைச்சொல் ஆகிவிட்டது. இலங்கை மலையகத்தில் தேயிலை கிள்ளியவர்களுக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பெயர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி வந்து நீலகிரியில் குடியேறியவர்களை நாம் ‘சிலோன்காரன்’ என்றோம். மும்பையில் 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ இதழும் 1966இல் பிறந்த சிவசேனையும் தென்னிந்தியரின் பேச்சை ‘யண்டு குண்டு’ என்று கேலி செய்தன. கிரேக்கக் காதில் ‘பர் பர்’ என்று விழுந்தது, மராட்டிக் காதில் ‘யண்டு குண்டு’ என்று விழுந்தது. இடையில் 2,500 ஆண்டுகள். ‘யண்டு குண்டு’ என்று கேட்டது நம் தமிழ்தான்.

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடியது. 2010இலிருந்து ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான், அடுத்து டைம்லர், ராயல் என்ஃபீல்டு. ஏரியும் நஞ்சையுமாக இருந்த பகுதி சிப்காட் மனைகளானது. முதலில் வந்த அயலார் தென்மாவட்டத்து ஐடிஐ பையன்களும் டெல்டாப் பெண்களும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அவர்களை அடுத்து வந்தவர்கள், ஒப்பந்தக்காரர்கள் மூலம்: ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்கம். ஐந்து மாநிலம், அதைவிட அதிகமான மொழிகள். நமக்கு எல்லோரும் ‘வடக்கன்’. பாஸ்கர் சக்தி இயக்கிய ‘வடக்கன்’ படத்துக்குத் தணிக்கை வாரியம் அந்தப் பெயரை மறுத்ததால் 2024இல் அது ‘ரயில்’ என்று வெளியானது. சினிமாவில் சொல்லக் கூடாத சொல், லைன் வீட்டு வாசலில் நாள் முழுக்கக் கேட்கிறது.

இன்னொரு சொல் ‘பையா’. இந்தியில் அதற்கு அண்ணன் என்று பொருள். வந்தவர்கள் நம்மை மரியாதையோடு அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை நாம் வாங்கி அவர்களையே திருப்பிக் கூப்பிட்டபோது, தமிழ்க் காதில் அது ‘பையன்’ ஆகிவிட்டது. நாற்பது வயதுக்காரரையும் “ஏய் பையா” என்று சூப்பர்வைசர் அழைக்கிறார்.

உள்ளூர்க்காரரின் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. நிலம் கொடுத்த ஊரில் பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை. சங்கம் வைத்தால் ஒப்பந்த ஆளைக் கொண்டு உற்பத்தியை நடத்திவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையானது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது சங்கத்துக்கான அங்கீகாரம். அந்த உரிமையைக் கனவிலும் கேட்க முடியாத நிலையில் இருப்பதாலேயே வெளிமாநிலத் தொழிலாளி விரும்பப்படுகிறான். முல்லைப்பாட்டு மிலேச்சனின் தகுதி அது: உறவில்லை, மொழியில்லை. கோபம் அந்தத் தகுதியை விலைக்கு வாங்குகிறவர் மீது போகாமல், அதைச் சுமந்து வந்தவன் மீது இறங்குகிறது.

பதிவேடும் தொடர்கிறது. 2012 பிப்ரவரி 23 அன்று வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதையடுத்து வாடகைக்கு இருப்போர் விவரத்தைக் காவல்நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. 2023 மார்ச்சில், ஹோலிக்கு முன், தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவை போலி என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் காணொளியிலேயே விளக்கினார். அந்தச் சில நாட்கள் நாம் காட்டுமிராண்டிகளாக இருந்தோம். அந்தப் பொய் அத்தனை வேகமாக நம்பப்பட்டது ஏன் என்று யோசித்தால், தினமும் கேட்ட “ஏய் பையா”வும் அதில் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், லைன் வீடுகள் நிறைந்த தெருவில் ஒரு மளிகைக்கடை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒடியப் பையன்கள் அங்கேதான் கடன் வைப்பார்கள். முட்டை வேண்டுமென்றால் விரல்களைக் குவித்துக் காட்டுவார்கள், எண்ணெய்க்கு வாணலியில் ஊற்றுவது போல் கையைச் சாய்ப்பார்கள். கடைக்கார அம்மா என்னிடம் ஒரு சண்டையைச் சொன்னார். பாக்கியைக் கேட்டபோதெல்லாம் ஒருவன் “பைசா காலி” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். “போன வாரமும் காலி, இந்த வாரமும் காலின்னா எப்படிப்பா?” என்று அவர் கத்தியிருக்கிறார். அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. அவனோடு இருந்த, கொஞ்சம் தமிழ் பழகிய இன்னொருவன் வந்து விளக்கினான்: ஒடியாவில் ‘காலி’ என்றால் நாளைக்கு. பணத்தை நாளை தருகிறேன் என்றுதான் அவன் அத்தனை நாளும் சொல்லியிருக்கிறான்.

கடன் நோட்டை அவர் எடுத்துக் காட்டினார். முன்பக்கங்களில் ‘வடக்கன், 3ஆம் ரூம்’, ‘வடக்கன், மாடி’, ‘வடக்கன், நெட்டை’. கடைசிப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு பட்டியல், தமிழ் எழுத்தில்: லுணா – உப்பு. பாணி – தண்ணி. சாவுள – அரிசி. கேத்தே – எவ்வளவு. காலி – நாளைக்கு. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, ‘நேத்து’ என்று எழுதி, எதிரில் கேள்விக்குறி போட்டிருந்தார். நேற்றுக்கும் அவன் காலி என்றுதான் சொல்கிறானாம்.