மலையடிவாரத்து ஆசான்கள்

பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் சாலையில் அமைந்தது பூண்டி. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் சிற்றூர். அங்கிருந்தும் அதன் அயலூர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் எழுத்தார்வம் உடையோர் சிலரை அவ்வப்போது நாம் காண்கிறோம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எழுதியதை யாரிடம் காட்டுவது? மலையூரில் இருந்துகொண்டு ஓர் ஆசானை எங்கே தேடுவது?

இன்று ஒன்றை எழுதி வெளியிட எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை; கைபேசி ஒன்று போதும். பாராட்டும் உடனுக்குடன் வந்து சேர்கிறது. ஆயினும் அக்கேள்வி மறையவில்லை. பாராட்டுவோர் பலராக இருக்க, பொறுமையாகப் படித்துக் குறையும் நிறையும் எடுத்துச் சொல்வோர் அரியராக இருப்பதே காரணம். இக்கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். மலைச்சாலை சமவெளியில் இறங்கிச் சேரும் வத்தலக்குண்டிலேயே அதற்கு விடை உண்டு. அதைச் சொல்லுமுன் பழைய முறை ஒன்றை நினைவுகூர்வது நல்லது.

1871 ஆம் ஆண்டு, வேங்கடராமன் என்னும் இளைஞர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். அப்பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று அழைத்தவர் ஆசிரியரே. 1876 இல் பிள்ளையவர்கள் மறையும் வரை அவர் அவருடைய மாணவராகவே இருந்தார். பாடம் கேட்டது ஒரு பங்கு எனில், ஆசிரியர் பாடல்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியது மற்றொரு பங்கு. ஒரு நூல் உருவாகும் நேரத்தில் அருகிலிருந்து பார்ப்பது என்னும் அரிய கல்வி அதனால் அவருக்கு வாய்த்தது. முடிந்த நூலைப் படிப்பவருக்கு, கவிஞர் எங்கே தயங்கினார், எச்சொல்லை நீக்கி எச்சொல்லை வைத்தார் என்பது தெரியாது. ஏடெழுதியவருக்குத் தெரியும்.

அத்தனை கற்ற பின்பும் உ.வே.சாமிநாதையரின் வாழ்வைத் திருப்பியது ஒரு வினா. 1880 இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அவ்வினாவின் விளைவாகவே 1887 இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. முதலியார் ஐயருக்குப் பாடம் நடத்தியவர் அல்லர். அவர் இன்னும் செல்லாத திசை ஒன்றைச் சுட்டிக் காட்டியவர். ஆசான் என்னும் சொல்லுக்குள் இவ்விரு வகையினரையும் நாம் அடக்க வேண்டும்.

தம் ஆசிரியரின் சரித்திரத்தை ஐயர் இரு பாகங்களாக எழுதினார். முதற்பாகம் வெளிவந்த ஆண்டு 1933. அதே ஆண்டு செப்டம்பரில்தான் சென்னையில் 'மணிக்கொடி' இதழ் தோன்றியது. குருகுலத்தின் வரலாறு நூலாக வெளிவரத் தொடங்கிய ஆண்டிலேயே வேறொரு வகைப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டதாகக் கொள்ளலாம். அப்பள்ளியில் திண்ணை இல்லை. மாணவர் ஆசிரியருடன் தங்குவதும் இல்லை. அஞ்சலில் வரும் கைப்பிரதியும், அதைப் படிக்கும் இதழாசிரியருமே அதன் இரு தூண்கள்.

மணிக்கொடியைத் தொடங்கியவர்கள் கே.சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம் ஆகிய மூவர். வார இதழாக அது நின்றுபோன பின், 1935 இல் சிறுகதைக்கென்றே மாதம் இருமுறை வரும் இதழாக அதை மீட்டெடுத்தவர் பி.எஸ்.ராமையா. 1905 இல் பிறந்த அவருடைய தலைப்பெழுத்துகளுள் முதலாவது, வத்தலக்குண்டின் ஆங்கில வடிவமான பட்லகுண்டைக் குறிப்பது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். இதழாசிரியர் நாற்காலியில் அவர் காட்டிய தகுதி, பிறர் எழுத்தை அடையாளம் காணும் கண் ஒன்றே.

மௌனியின் கதை இதற்குச் சான்று. எஸ்.மணி என்னும் அவர் இசையிலும் தத்துவத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தவர், எழுத்தாளராக அறியப்படாதவர். அவரைச் சந்தித்துப் பேசிய ராமையா, இவர் எழுத வேண்டியவர் என்று கண்டுகொண்டு தூண்டினார். எழுதி வந்ததை மணிக்கொடியில் வெளியிட்டார். மௌனி என்ற புனைபெயரைச் சூட்டியவரும் அவரே. வேங்கடராமனைச் சாமிநாதனாக்கிய மகாவித்துவானின் செயல், அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஓர் இதழ் அலுவலகத்தில் மீண்டும் நிகழ்ந்தது.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ராமையாவின் கதைகள் நிகழ்ச்சிகளால் ஆனவை. தெளிவான ஓட்டமும் எதிர்பாராத முடிவும் உடையவை. மௌனியின் கதைகளில் நிகழ்ச்சி மிகக் குறைவு. மனத்தின் சலனங்களே கதை. இவ்விருவரையும் போல் வேறுபட்ட இருவரைச் சிறுகதை உலகில் காண்பது கடினம். தம் பாணிக்கு நேர் எதிரான எழுத்தைக் கண்டபோது ராமையா அதைத் திருத்தித் தம் வழிக்குக் கொண்டுவர முற்படவில்லை. அதன் போக்கிலேயே அதற்கு இடம் கொடுத்தார். மௌனி வாழ்நாளில் எழுதியவை 24 கதைகளே. அவரைப் புதுமைப்பித்தன் திருமூலருடன் ஒப்பிட்டதை நாம் அறிவோம். அந்த வரவின் வாயிலில் நின்றவர் ராமையா.

மணிக்கொடியில் எழுதி வளர்ந்தவர்களுள் ஒருவர் சி.சு.செல்லப்பா. 1912 இல் பிறந்த அவரும் வத்தலக்குண்டில் வளர்ந்தவரே. 'சரஸாவின் பொம்மை' என்னும் அவர் கதை மணிக்கொடியில் வெளிவந்து பெயர் பெற்றுத் தந்தது. இருபதாண்டுகளுக்கு மேல் கடந்த பின், தாம் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் முறை அவருக்கு வந்தது. 1959 சனவரியில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கினார். அது 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது.

எழுத்து, விமர்சனத்துக்காகத் தொடங்கப்பட்ட இதழ். ஒரு படைப்பைச் 'சிறப்பு' என்றோ 'சுமார்' என்றோ தீர்ப்பளித்து விடாமல், சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறையைச் செல்லப்பா வற்புறுத்தினார். ந.பிச்சமூர்த்தி முன்பே எழுதியிருந்த 'பெட்டிக்கடை நாரணன்' என்னும் கவிதையை 1959 இல் மறுபடி வெளியிட்டார். இப்படியும் எழுதலாம் என்று அதைக் கண்ட இளைஞர்கள் எழுதத் தொடங்கினர். இலக்கணக் குறிப்போ அறிவுரையோ தராமல், ஒரு முன்மாதிரியை அவர்கள் கண்முன் வைத்ததே செல்லப்பா நடத்திய முதற்பாடம். அவ்வாறு வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 1962 இல் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டார். புதுக்கவிதை என்று நாம் இன்று வகுப்பறையில் சொல்லித் தருவதன் முதல் தொகுப்பு அது.

மேல்மலை மாணவர்களுக்கு நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது அடுத்த செய்தி. எழுத்து இதழின் மாணாக்கர்கள் எவ்வெவ்விடங்களில் இருந்தனர்? தருமு சிவராமு இலங்கையில் திருகோணமலையில் இருந்தார். 1939 இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபதை ஒட்டியதுதான். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. வெங்கட் சாமிநாதன் அரசுப் பணியாளராக வட இந்தியாவில் இருந்தார்; வாசகர் கடிதத்தின் வழியே எழுத்துக்கு அறிமுகமாகித் தமிழின் முக்கியமான விமர்சகரானார். பசுவய்யா என்னும் பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் இருந்தார். கடலுக்கு அப்பாலிருந்தும், நாட்டின் மறுகோடியிலிருந்தும், தென்முனையிலிருந்தும் சென்றவை அஞ்சல் உறைகளே. திருவல்லிக்கேணியின் ஒரு சிறு வீட்டில் அவற்றைப் பிரித்துப் படிக்க ஒருவர் இருந்தார். பூண்டிக்கும் சென்னைக்கும் உள்ள தொலைவு, திருகோணமலைக்கும் சென்னைக்கும் இடையில் இருந்த கடலைவிடப் பெரிதன்று.

அந்த ஒருவர் இருப்பதற்கான விலை சிறிதன்று. எழுத்தை நடத்தச் செல்லப்பா தம் துணைவியாரின் நகைகளை விற்றார். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். ஆசானைத் தேடுவோர் தமக்குக் கிடைக்கப்போவதை எண்ணுகிறார்கள். ஆசானாக இருப்பவர் இழப்பதை எண்ணுவது குறைவு. எவரிடமேனும் நம் எழுத்தைப் படிக்கக் கொடுக்கும்போது, அவருடைய வாழ்நாளின் ஒரு பகுதியையே கேட்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

ஆசானும் மாணாக்கரும் என்றென்றும் ஒருமித்திருந்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. எழுத்தில் வளர்ந்தோர் தத்தம் வழியில் சென்றனர். செல்லப்பாவின் இலக்கிய மதிப்பீடுகளை மறுத்தவர்களும் அவர்களுள் உண்டு. அதை நாம் நன்றி மறந்த செயலாகக் கருதவில்லை. அலசிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரையே அலசுவது, பாடம் நன்றாகப் பதிந்ததற்கு அடையாளம்.

மறுபுறம், செல்லப்பா தம் கடனைச் செலுத்திய விதம் எண்ணத்தக்கது. தம் இறுதிக் காலத்தில், ராமையாவின் 300-க்கும் மேற்பட்ட கதைகளை ஆராய்ந்து 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்னும் நூலை எழுதினார். ராமையாவோ மணிக்கொடிக்குப் பின் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் சென்றவர். 'மணிக்கொடி காலம்' நூலுக்காக 1982 இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்று, அடுத்த ஆண்டே மறைந்தார். அவரைச் சிறுகதையாளராகப் பலர் மறந்துவிட்ட நாளில், அத்தனை கதைகளையும் மீண்டும் படித்தவர் செல்லப்பா. மகாவித்துவானுக்கு ஐயர் சரித்திரம் எழுதினார்; ராமையாவுக்குச் செல்லப்பா ஆய்வு எழுதினார். ஆசிரியரை முழுதாகப் படித்தலே மாணவர் செலுத்தும் காணிக்கை.

இதற்கு மறுப்பாக ஒருவர் பெயரைச் சொல்லலாம். அதே வத்தலக்குண்டில் 1872 இல் பிறந்த ராஜமையர், 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதியபோது தமிழில் நாவல் எழுதக் கற்றுத்தர எவர் இருந்தார்? அவருக்கு முன் அத்துறையில் இருந்த நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெய்தான். ஆனால் அந்நாவலை 1893 முதல் தொடராக வெளியிட 'விவேக சிந்தாமணி' இதழ் இருந்தது. அடுத்த பகுதிக்காக அதன் ஆசிரியரும் வாசகரும் காத்திருந்தனர். இருபத்தாறு வயதில் மறைந்த அவரும் முற்றிலும் தனியாக எழுதியவர் அல்லர்.

ஆகவே, எழுத வரும் இளைஞர்க்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவே. புகழ்பெற்றவரைத் தேட வேண்டா, படிப்பவரைத் தேடுக. தம்மைப் போலவே எழுதச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; தம்மைப் போல் இல்லாததைக் கண்டு மகிழ்பவர் கிடைத்தால் விடாதீர்கள். கடிதம் எழுதுமுன் அவர் எழுதியவற்றைப் படித்துவிடுங்கள். வெங்கட் சாமிநாதன் முதலில் அனுப்பியது ஒரு வாசகரின் கடிதம் என்பதை நினைவில் கொள்க. நல்ல வாசகரை எந்த நல்லாசிரியரும் திருப்பி அனுப்புவதில்லை.