மன்னன் மறைந்தபின் வானநூல்

1577ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மேற்றிசை வானிலே பெரியதொரு வால்வெள்ளி தோன்றிற்று. அதனை இரு பெரும் வானநூலார் ஒரே காலத்தில் நோக்கி அளந்தனர். ஒருவர், டென்மார்க்கு அரசன் அளித்த வேன் என்னுஞ் சிறு தீவில் வாழ்ந்த தைக்கோ பிராகி. மற்றவர், துருக்கிச் சுல்தான் மூன்றாம் முராது இஸ்தான்புல் நகரில் அமைத்துக்கொடுத்த வானோக்கு நிலையத்தின் தலைவர் தகியுத்தீன். இவ்விருவரிடத்தும் இருந்த கருவிகள் உடன்பிறந்தவை போல் ஒத்திருந்தன. ஆயினும் மூன்றாண்டு கழியுமுன்னரே, 1580ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தகியுத்தீனின் நிலையம் அதைக் கட்டுவித்த சுல்தானின் கட்டளையினாலேயே இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

நேயர்களே, இதனைக் கேட்டவுடன் நம்முட் பலர் ஒரு முடிபுக்கு வந்துவிடுவோம். கிறித்தவ சமயம் விஞ்ஞானத்தை வளர்த்தது, இஸ்லாம் அதனை நெரித்தது என்பதே அம்முடிபு. இடிப்பதற்கு நியாயங் கூறியவர் அக்காலத்துத் தலைமை மதகுருவே என்பதும் உண்மை. வானத்தின் இரகசியங்களைத் துருவி ஆராய்ந்த நாடுகள் அழிவெய்தின என்று அவர் சுல்தானுக்கு எடுத்துரைத்தார். ஆயினும் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்க்குமிடத்து, இம்முடிபு நிலைபெறாது போகின்றது.

பக்தாது நகரைக் கலீபா அல்மன்சூர் 762ஆம் ஆண்டில் அமைத்தார். சில ஆண்டுகளுள் இந்திய வானநூலொன்று அங்குச் சென்று அரபு மொழியிற் பெயர்க்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டிலே கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். கணித நூல்களைப் பெயர்த்தும் புதியன இயற்றியும் புகழ்கொண்ட தாபித்து இப்னு குர்ரா, விண்மீன்களை வழிபட்ட ஹர்ரான் நகரத்தவர். இவர்களுக்குப் பொருள் அளித்தோர் முஸ்லிம் அரசரும் செல்வருமாவர். 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல்மாமூன் பக்தாதிலும் தமஸ்கு நகரின் மலையொன்றிலும் வானத்தை அளப்பித்தார். சமயம் அறிவுக்குப் பகையென்றால் இவையெல்லாம் எவ்வாறு நிகழ்ந்தன?

வீழ்ச்சிக்குக் காரணர் என அடிக்கடி சுட்டப்படுபவர் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. அவர் தத்துவ ஞானிகளை மறுத்து நூல் எழுதியது மெய்யே. ஆனால் அந்நூலின் முன்னுரையிலேயே, கிரகணத்துக்கு வானநூலார் கூறும் காரணத்தைச் சமயத்தின் பெயரால் மறுப்பவன் சமயத்துக்கே தீங்கு செய்கின்றான் என்று அவர் எச்சரிக்கின்றார். இதனை அறியாது அவர்மேற் பழி சுமத்துவோரே மிகுதி. அவர் காலத்துக்குப் பின்னரும் அந்நாடுகளில் வானநூல் வளர்ந்ததேயன்றி மாயவில்லை.

அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை, பள்ளிவாசலுக்கே போகலாம். நாள்தோறும் ஐந்து வேளைத் தொழுகைக்கு உரிய நேரத்தையும், மக்கா நோக்கிய திசையையும் கணிப்பதற்கு வட்டக்கணிதமும் வானநூலும் வேண்டியிருந்தன. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டளவில், எகிப்திலும் சிரியாவிலும் பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் எனப்படும் நேரக்கணிப்பாளர் பதவி உண்டாயிற்று. தமஸ்கு நகரத்து உமையாப் பள்ளிவாசலில் அப்பதவி வகித்தவர் இப்னு அல்ஷாத்திர். 1304 முதல் 1375 வரை வாழ்ந்தவர். சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பும், போலந்து நாட்டுக் கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலிற் காணும் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வொற்றுமை 1957ஆம் ஆண்டிலேதான் அறிஞருலகின் கவனத்துக்கு வந்தது. புதிய வானநூலின் கணிதத்துள் ஒரு கூறு தொழுகைக்கு நேரம் பார்த்தவரின் ஏட்டில் இருநூறாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது!

இந்நேரக்கணிப்பாளரின் ஊதியம் எங்கிருந்து வந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டிய இடம். பள்ளிவாசலும் மத்ரசா என்னுங் கல்விக்கூடமும் வக்பு என்ற அறக்கட்டளையால் நடந்தன. நிலத்தையோ கடையையோ ஒருவர் இறைவன்பொருட்டு எழுதிவைத்தால், அதன் வருவாய் என்றைக்கும் அவ்வறத்துக்கே உரியது. மன்னன் மாறினும் அது மாறாது. வானோக்கு நிலையமோ அறச்செயலாகக் கருதப்பட்டதில்லை. பெரும்பாலும் அது அரண்மனைச் செலவு. அரசன் விருப்பத்தாற் பிறந்து, அவன் வெறுப்பாலோ இறப்பாலோ மடிவது. சனிக்கோள் விண்ணை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ முப்பது ஆண்டு செல்லும். அதனை முற்றும் நோக்கி முடிக்க எத்தனை அரசருக்குத்தான் ஆயுள் போதும்?

இதற்கு விலக்காக நின்றது பாரசீகத்து மராகா. 1258இல் பக்தாதை அழித்த அதே மங்கோலிய மன்னன் ஹூலாகு, மறு ஆண்டே அறிஞர் நசீருத்தீன் தூசியின் வேண்டுகோளுக்கிணங்கி அங்கு வானோக்கு நிலையம் தொடங்கினான். தூசியார் செய்த தந்திரம் வியக்கத்தக்கது. நாட்டின் வக்பு சொத்துக்களை மேற்பார்வை செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தமையால், அவ்வருவாயில் ஒரு பங்கை நிலையத்துக்குத் திருப்பினார். ஹூலாகு 1265இல் இறந்தான். தூசியார் 1274இல் மறைந்தார். நிலையமோ அவர்களுக்குப் பின்னும் நடந்தது, அரை நூற்றாண்டுக்கு நிலைத்தது. எனினும் அவ்வழி வழக்கமாகவில்லை.

சமர்க்கந்து நகரிலே தைமூரின் பேரன் உலூக் பேக் எழுப்பிய நிலையம் அதனிலும் பெரிது. நிலத்தைக் குடைந்து கட்டிய அதன் கல்வில்லின் ஆரம் ஏறத்தாழ 40 மீற்றர். அரசனே அங்கு வானநூலாசிரியன். 1018 விண்மீன்களின் இடங்கள் அடங்கிய அட்டவணை 1437ஆம் ஆண்டுக்கென அங்குக் கணிக்கப்பட்டது. 1449இல் அவன் தன் மகனின் ஏவலாற் கொல்லப்பட்டான். நிலையம் ஒழிந்தது.

இனி மேற்கை நோக்குவோம். அங்கிருந்த திருச்சபை விஞ்ஞானத்துக்குத் தாய்மடி விரித்ததெனக் கொள்ளற்க. 1277இல் பாரிஸ் நகரத்து ஆயர் 219 கருத்துக்களைக் கண்டித்துத் தடைசெய்தார். 1633இல் கலிலியோ விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். அதே திருச்சபையின் கோயிலாகிய பொலோனியாவின் சான் பெத்திரோனியோவில் 1655இல் கசினி என்பார் சூரியனை அளக்கத் தரையிற் பெருங்கோடு அமைத்தார் என்பதையும் மறத்தலாகாது. தைக்கோ பிராகிக்கு நேர்ந்ததும் தகியுத்தீனுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வேறன்று. அவரை ஆதரித்த அரசன் 1588இல் இறந்தான். 1597இல் அவர் தீவைவிட்டு வெளியேறினார். அவருடைய மாளிகையும் பின்னர் இடிக்கப்பட்டு, கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன.

வேறுபாடு இடிபாட்டில் இல்லை; எஞ்சியவற்றிலேயே உண்டு. தைக்கோ தம் குறிப்பேடுகளை உடன்கொண்டு போனார். பிராகா நகரில் அவை கெப்ளர் கைக்குச் சேர்ந்தன. 1609இல் செவ்வாயின் நீள்வட்டப் பாதை அச்சில் வெளிவந்தது. அதனைப் படித்துச் சோதிக்க ஊர்தோறும் சர்வகலாசாலைகள் இருந்தன. அவை ஓர் அரசனின் உடைமையல்ல. ஆசிரியரும் மாணவருமே சேர்ந்து சட்டப்படி ஓராளாக நின்ற சங்கங்கள். தம் பாடத்திட்டத்தைத் தாமே மாற்ற அவற்றுக்கு இடமிருந்தது. மத்ரசாவிலோ, அறம் நிறுவியவர் சாசனத்தில் எழுதியதே எல்லை. துருக்கியில் முஸ்லிம்கள் நடத்திய முதல் அச்சகத்தின் முதனூல் வெளிவந்ததோ 1729இலே. என் கருத்தில், வேதநூலின் வாசகத்தைக் காட்டிலும் இவ்விரு ஏற்பாடுகளே காரியத்தை நிர்ணயித்தன.

சமயம் மாறினும் ஏற்பாடு மாறாவிடின் விளைவு அதுவே என்பதற்கு இந்தியா சாட்சி. இந்து மன்னனாகிய ஜெய்ப்பூர் இரண்டாம் ஜெயசிங்கு, சமர்க்கந்தை முன்மாதிரியாகக் கொண்டு தில்லி, ஜெய்ப்பூர், உச்சயினி, காசி, மதுரா என ஐந்து இடங்களில் கல்லாலே வானோக்குக் கருவிகள் எழுப்பினான். போர்த்துக்கல் வரை தூதனுப்பிப் புதிய அட்டவணைகளும் பெற்றான். 1743இல் அவன் மறைந்தான். அவனுக்குப்பின் அவ்வேலையும் ஓய்ந்தது. மதுராவிலிருந்தது இன்று இல்லவே இல்லை.

உலூக் பேக்கின் விண்மீன் அட்டவணை மட்டும் தப்பிற்று. கையெழுத்துப் பிரதிகளாக நாடு கடந்து சென்ற அது, 1665ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டு நகரில் பாரசீக மூலமும் லத்தீன் மொழிபெயர்ப்புமாக அச்சாயிற்று. அவ்வட்டவணை பிறந்த கல்வில் அப்போது சமர்க்கந்திலே மண்ணுக்குள் கிடந்தது. அதனை 1908இலேயே தோண்டிக் கண்டெடுத்தனர்.