டெக் அச்சுக்கோப்பில் தமிழ் எழுத்துருவும் குறியேற்றமும்

டெக் என்பது கணிதம், அறிவியல் நூல்களை அச்சுக்குத் தயாரிக்கப் பயன்படும் கட்டற்ற கணினி அச்சுக்கோப்பு முறை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனுத் இதை உருவாக்கினார். 1977-இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பில் எழுத்துகளின் தரம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தாமே ஒரு முறையை எழுதத் தொடங்கினார். 1978-இல் அதன் முதல் வடிவம் வந்தது. எழுத்துருக்களை வரைய மெட்டாஃபான்ட் என்ற நிரலையும் அவரே எழுதினார்.

அதே 1978-இல்தான் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் புது வடிவம் பெற்றன. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் தனி வடிவமாக வரைய வேண்டியிருந்த எழுத்துகள் குறைந்தது, பின்னாளில் கணினிக்குத் தமிழ் எழுத்துரு செய்தவர்களுக்குப் பெரிய வசதியாயிற்று.

தொடக்ககால டெக், எழுத்துருவில் 256 இடங்கள் வரை ஏற்றாலும், உள்ளீட்டில் 128 குறிகளையே படித்தது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு 247 எழுத்துகள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே 1990-ஐ ஒட்டி மெட்டாஃபான்டில் ஒரு தமிழ் எழுத்துரு செய்தார். அவினாஷ் சோப்டே எழுதிய ஐடிரான்ஸ் நிரல் அதைப் பயன்படுத்தியது. ரோமன் எழுத்தில் தட்டினால் ஐடிரான்ஸ் அதைத் தமிழாக்கி டெக்கிடம் கொடுக்கும்.

இப்படி இடையில் ஒரு நிரல் தேவைப்பட்டதற்குக் காரணம் கொம்பு. ‘கெ’ என்பதில் க் முதலில் ஒலிக்கிறது, எகரம் பின்னால் ஒலிக்கிறது. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை ஒட்டி ஒன்றாக்க டெக்குக்குத் தெரியும். பின்னால் வருவதை முன்னால் கொண்டுபோய் வைக்க அதற்குத் தெரியாது.

1990-இல் டெக் 256 குறிகளைப் படிக்கும்படி விரிவாக்கப்பட்டது. ஆனால் அந்த இடங்களில் எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதில் ஒற்றுமை இல்லை. சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என ஆளுக்கொரு அடுக்கு. ஒருவர் அனுப்பிய கட்டுரை மற்றவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்த காலம் அது. இதற்குத் தீர்வாக, பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டை ஏற்றது. ஒன்றுக்காகத் தொடங்கிய முயற்சி மூன்றில் முடிந்தது என்று சொன்னால் தவறில்லை. டிஸ்கியில் கொம்பு, கண்ணால் காணும் வரிசையிலேயே சேமிக்கப்படும். மெய்களுக்கும் உகர, ஊகார எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆகவே பொருந்தும் எழுத்துருவும் அதன் அளவுக் கோப்பும் இருந்தால் டெக்குக்கு அது எளிது.

இங்கே ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். இந்திய டெக் பயனர் குழு 1998-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 2002-இல் உலக டெக் மாநாடும் அங்கேயே கூடியது. சென்னையிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு டெக்கில் பக்கம் அமைக்கும் நிறுவனங்கள் வளர்ந்தன. அதே நகரில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கரில்தான் உருவாயின.

மாற்றம் ஒருங்குறியால் வந்தது. 2004-இல் ஜோனதன் கியூ வெளியிட்ட சீடெக், ஒருங்குறி உரையை நேரடியாகப் படித்தது. கணினியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவையே எடுத்துக்கொண்டது. ஆவணத்தின் தொடக்கத்தில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, எழுத்துமுறை தமிழ் என்றும் குறித்தால் போதும். இரண்டாவதை மறந்தால் கொம்பு இடம் மாறாமல் மெய்க்குப் பின்னாலேயே நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று மாணவர்கள் நினைப்பது இந்த இடத்தில்தான். வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும் விதிகளைச் சந்தோஷ் தோட்டிங்கல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு எழுதினார். பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்கள் வேண்டுவோர், அவற்றைக் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். உரையில் ஒரு குறியும் மாறாது.

2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், 16 இருமி அனைத்தெழுத்துக் குறியேற்றமான டேஸ் 16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. மதுரைத் திட்டம் தன் டிஸ்கி நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியது. ஆனால் பழைய குறியேற்றங்களில் கிடக்கும் தனியார் கோப்புகளும் ஆய்வேடுகளும் இன்னும் உண்டு. அவற்றை மாற்றும் நிரல் எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. கொம்பையும் மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும். ‘கௌ’ என்பதன் கடைசிக் குறிக்குப் பதிலாகத் தட்டச்சர் ‘ள’ இட்டிருந்தால் எந்த நிரலும் அதைச் சரியாகக் கண்டுபிடிப்பது கடினம். ஒவ்வோர் இடத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.